எர்த் வயர்

பிரேக்கை மிதித்தால் இடப்பக்க இண்டிகேட்டர் முனகுகிறது.
ஹாரன் அடித்தால் வைப்பர்
ஒருமுறை தலையாட்டிவிட்டு நிற்கிறது.
பச்சை நிறம், இரண்டே இருக்கை,
உட்கார்ந்தால் சாலை தொடைக்குக் கீழே ஓடும்.
டவுன்ஹாம் மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம்
சர்க்கரைப் பீட்டு லாரிகள் சேறு உதிர்த்துப் போகும் வழியில்
என் ஷெட்டுக்கு இதை இழுத்து வந்தார்கள்.

வந்தார்கள் என்பது தவறு.
வண்டியைக் கொண்டுவந்தவன் லைல்.
சாவியை மறுநாள் தந்தவன் டெஸ்மண்ட்.
தர்க்கெட்டில் சகோதரர்கள்.
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது.
சனிக்கிழமை ஒருவனுக்கு, செவ்வாய் மற்றவனுக்கு.
மிச்ச நாளெல்லாம் கராஜில்
யாருடையதும் இல்லாமல் நின்றிருக்கிறது.

லைல் வயரை முறுக்கி நீல டேப் சுற்றுவான்.
டெஸ்மண்ட் அதை அறுத்துவிட்டு ஈயம் பற்றவைப்பான்.
ஈயத்தின் மேல் மறுபடி நீல டேப்.
டாஷ்போர்டைக் கழற்றியபோது
ஐந்து மாதச் சண்டையை
ஒரு வார்த்தை இல்லாமல் படித்தேன்.

இதன் உடம்பு ஃபைபர்கிளாஸ்,
முதுகெலும்பு மட்டும்தான் இரும்பு.
இரும்பு வண்டியில் கரண்ட்
எந்த ஆணியைப் பிடித்தாவது வீடு திரும்பிவிடும்.
இதில் ஒவ்வொரு விளக்குக்கும்
திரும்பிப்போக ஒரு கறுப்பு வயர் கொடுத்தாக வேண்டும்.
கொடுக்காவிட்டால்
பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறமாகப் போகும்,
போகிற வழியில் விளக்கையும் ஏற்றிவைக்கும்.

பெட்ரோல் முள் டேங்க் நிரம்பியது என்றது.
பக்கத்து முள் இன்ஜின் கொதிக்கிறது என்றது.
டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன்,
நுனி மட்டும் நனைந்தது.
ரேடியேட்டரில் கை வைத்தேன்,
பிப்ரவரி.

மூன்றாம் சிலிண்டர் இருமியது
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இருந்த
தலைமுடி அளவு விரிசலால். பத்து நிமிட வேலை.
பிறகு ஸ்டார்ட்டரைத் திருகினேன்,
என் கால்மாட்டில் புகை.
ஆக்சிலரேட்டர் கேபிள்
அடுப்புக் கம்பியாய்ச் சிவந்திருந்தது.

லைல் மூன்று கேபிள் மாற்றியிருக்கிறான்.
டெஸ்மண்ட் இரண்டு ஸ்டார்ட்டர் மோட்டார்.
இருவரும் கண்டது உண்மைதான்,
நோய் வேறிடத்தில்.
இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது.
அதையும் சேஸையும் இணைக்கும் செம்புப் பின்னல்,
ஒரு முழ நீளம்,
இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை.
கட்டை விரல் தடிமனில் போக வேண்டிய கரண்ட்
சைக்கிள் பிரேக் கம்பி போன்ற ஒன்றில் நெருக்கியடித்துப் போயிருக்கிறது.
மீட்டர் வைத்தேன்,
பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஆறு வோல்ட்.

பின்னல் டிக்கியில் கிடைத்தது,
பிஸ்கட் டப்பாவுக்குள், அதற்குரிய போல்ட்டோடு.

போன் செய்து கேட்டேன், இன்ஜினைக் கடைசியாக எப்போது இறக்கினீர்கள்?
அக்டோபரில், ஹெட்டி. அவன்தான் மாட்டினான், என்றான் லைல்.
அக்டோபரில். மாட்ட வேண்டியவன் அவன், என்றான் டெஸ்மண்ட்.
அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை.
இருவரும் சொன்னார்கள், இரண்டு வேறு கதை.
ஓர் இன்ஜினைத் தனியாளாகத் தூக்க முடியாது என்பது மட்டும்
இரண்டிலும் இருந்தது.

எர்த் என்றால் மண்.
இந்த ஊர் மண் கறுப்பு, கடல் மட்டத்துக்கும் கீழே,
இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்தால்தான் வயல்.
அதற்கும் இந்த வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.
வண்டியின் மண்
பேட்டரியின் நெகட்டிவ் முனை, அவ்வளவுதான்.

பெயின்டைப் பளபளக்கச் சுரண்டினேன்.
பல் வாஷர், போல்ட், மேலே கொஞ்சம் கிரீஸ்.
விளக்குகளுக்குக் கறுப்பு வயர் புதிதாக இழுத்தேன்.
சாவியைத் திருகியதும் பிடித்துக்கொண்டது.
பெட்ரோல் முள் மெல்ல இறங்கி
உண்மையில் போய் நின்றது.

ஒரே பில்லை இருவருக்கும் அனுப்பினேன்,
நூற்று நாற்பது பவுண்டு.
செவ்வாயன்று டெஸ்மண்ட் முழுதும் கட்டினான்.
சனிக்கிழமை லைல், முழுதும்.

அதிகப்படிப் பணம் அந்தப் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.
வண்டி வெளியே நிற்கிறது.
பெட்ரோல் மட்டும்
யாராவது ஊற்ற வேண்டும்.